இரண்டாம் தரம் என்று எழுதுவதற்கு முன்

பகல் முழுக்க எனக்குத் தகட்டில் குறை காண்கிற வேலை.
குழல்விளக்கின் அடியில் எஃகு ஓடும்.
கீறல், குழி, உருளை பதித்த தழும்பு.
கண்டதும் நீல மார்க்கரால் ஒரு வட்டம்.
முதல் தரம். இரண்டாம் தரம். துண்டு.
கஞ்சமலைக்கு இந்தப் பக்கம்
என் கண்ணுக்குத்தான் சம்பளம்.

அதே கண்ணால் ஞாயிறு இரவுகளில்
ஒற்றைக்கண் படகோட்டியின் கதையைப் பார்க்கிறேன்.
வாரம் பத்தொன்பது பக்கம், ஆறு வருடமாக.
ஜப்பான்காரர்கள் வலமிருந்து இடமாகப் படிப்பார்கள் என்று
முதல் வாரம் எனக்குத் தெரியாது.
செத்தவன் எழுந்தான்,
நெஞ்சிலிருந்த கத்தியை உருவிக் கொன்றவனிடம் கொடுத்தான்,
மன்னிப்புக் கேட்டுப் பின்னால் நடந்தே வீடு போனான்.
அதுவும் நல்ல கதையாகத்தான் இருந்தது.

"இழுக்கிறான்டி" என்றாள் பெனசீர்.
ஒண்டிக்கடை கூட்டுறவு வங்கியில் காசாளர்.
கள்ள நோட்டை விரல் நுனியால் பிடிப்பவள்.
பாலத்துச் சண்டை மட்டும் முப்பத்தோரு வாரம்,
ஆடியில் ஓங்கிய துடுப்பு
ஐப்பசியில்தான் இறங்கியது,
சாகப்போகிற ஒவ்வொருவனுக்கும்
திடீரென்று ஒரு பால்யம், ஒரு நாய்க்குட்டி, ஒரு மழை.
"அப்புறம் அந்த மிவா?"

மிவா.
நீரோட்டத்தை அவனைவிட நன்றாகப் படித்தவள்.
தொண்ணூறாவது அத்தியாயத்துக்குப் பிறகு
கட்டுப் போடுகிற வேலை மட்டும் அவளுக்கு.
இதற்கு என்னிடம் பதில் இல்லை.
மற்றதற்கு இருந்தது:
அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு,
நேராகப் போட்டிருந்தால் பேருந்து ஏறுமா என்றேன்.
பதினோராவது வளைவையே மூன்று தரம் சுற்றிக் காட்டிவிட்டு
மலை ஏறினேன் என்று டிக்கெட் கிழிக்கலாமா என்றாள்.

மிளகுக்கொடி சுற்றிய சவுக்கு மரங்களுக்குள்
மூடுபனி வந்து உட்கார்ந்தது.
நான் நூற்று ஐம்பத்தெட்டை எடுத்தேன்.

இறந்தவனின் செருப்பை மட்டும் ஏற்றிக்கொண்டு
ஆற்றைக் கடக்கிறான் அவன்.
பத்தொன்பது பக்கமும் ஒரு சொல் இல்லை.
கடைசிப் பக்கத்தில் படகும் இல்லை, தண்ணீர்.
ஜங்ஷன் வாசலில் நின்று அதைப் படித்தேன்,
தட்டுவடை செட் சட்னியில் ஊறிக் கையிலேயே சரிந்தது.
எழுத்தே இல்லாத பக்கத்தைத் தாண்ட
எத்தனை நேரம் ஆனது என்று தெரியவில்லை.
பிறகு ஆறு நாள்
அந்தப் படகு என்னோடு வேலைக்கு வந்தது.
மொத்தமாகத் தைத்த புத்தகமாய் வந்திருந்தால்
ஒரே இரவில் கரை தட்டியிருக்கும்.

"அதை நான் குறை சொன்னேனா?" என்றாள் பெனசீர்.

இந்த வாரத்தைத் திறந்தோம்.
ஒரே பக்கம்.
மணிக்கட்டு வலி, ஆசிரியருக்கு ஓய்வு,
வாசகர்கள் பொறுத்தருள்க.

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
மூன்று மாதமாக அலைகள் வெறும் கோடாகிவிட்டன என்று
சிரித்துச் சிரித்து வட்டம் போட்டது நாங்கள்தான்.
தகட்டில் தழும்பு கண்டால்
முதலில் உருளையைப் போய்ப் பார்.
எங்கள் ஆலையில் சேர்ந்த அன்றே சொல்லித் தருவது இது.
நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும், என்றாள் அவள், காசு எண்ணும் குரலில்,
மிவாவுக்கு நடந்தது மணிக்கட்டால் இல்லை.

இல்லைதான்.

கடைசிப் பேருந்தில் இறங்குகிறேன்.
அதே வளைவுகள், இருபதாவதிலிருந்து.
ஜன்னலுக்குக் கீழே சேலம்
சிதறிய வெளிச்சமாகத் திரும்புகிறது,
ஒரு தரம் வலப்பக்கம், ஒரு தரம் இடப்பக்கம்.
அறிவிப்பை மறுபடி பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
மூலையில், கட்டைவிரல் நகமளவு,
நடுங்கிய கோட்டில் ஒரு படம்:
படகோட்டி தூங்குகிறான்,
துடுப்பு மிவாவின் கையில்.

பிராயச்சித்தமா, வெறும் அலங்காரமா,
அடுத்த ஞாயிறும் அவள் கையிலேயே இருக்குமா?
பெனசீருக்கு அனுப்பலாம் என்றால்
எட்டாவது வளைவில் சிக்னல் இல்லை.